முட்டி வலிக்கென்றே தனித் திட்டம் என்றார்கள்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முட்டி வலியோடு எடையைக் குறைக்க ஜிம்மில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். நான் ஆறு மாதக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டினேன். பதினெட்டு நாள் போனேன். பத்தொன்பதாம் நாள் காலையில் வலது காலை ஊன்றிக் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

எனக்கு வயது 52. சேர்ந்தபோது எடை 91 கிலோ. வலது முட்டியில் தேய்மானம் இருப்பது எக்ஸ்ரேயில் முன்பே தெரிந்ததுதான். நான்கு நிலைகளில் இரண்டாவது நிலை என்றார் டாக்டர். "எடையைக் குறைங்க, உடற்பயிற்சி பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம், வலித்தால் என்ன செய்வது, எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்னைப் போன்றவர்கள் ஜிம் விளம்பரப் பலகைகளிடம் போய் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஜிம் வாசலில் பெரிதாக எழுதியிருந்தது: மூட்டு வலி உள்ளவர்களுக்கான சிறப்பு எடைக் குறைப்புத் திட்டம். மேசையில் இருந்தவர், "எங்ககிட்ட முட்டி வலியோட வந்தவங்கதான் மேடம் அதிகம். மூணே மாசத்துல ஓடுவீங்க" என்றார். சாதாரணத் திட்டத்தைவிடக் கட்டணம் கூடுதல். சிறப்புக் கவனிப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கட்டினேன். நான்கு பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். அதில் "மூட்டுப் பிரச்சினை உண்டா?" என்ற கேள்விக்கு டிக் போட்டு, "வலது முட்டி, தேய்மானம், படி இறங்கும்போது வலி" என்று எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதை உறையிலிருந்து வெளியே எடுத்துக்கூட யாரும் பார்க்கவில்லை.

முதல் நாள் எங்களைப் பத்துப் பேராக ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். பாதிப் பேர் இருபது வயதுக்காரர்கள். குதித்துக் கைதட்டுவதில் ஆரம்பித்து, தொடை தரைக்குச் சமமாக வரும்வரை உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஒரு காலை முன்னால் வைத்துப் பின்கால் முட்டி தரையைத் தொடும்படி இறங்கும் லஞ்ச், கடைசியில் ஒரு பெட்டி மேல் ஏறி இறங்குவது நாற்பது தடவை. பாதியிலேயே வலிக்கிறது என்று சொன்னேன். "முதல் வாரம் எல்லாருக்கும் வலிக்கும் மேடம். வலியைத் தாண்டினாத்தான் கொழுப்பு கரையும்" என்றார் பயிற்சியாளர். மூன்றாம் நாள், சிறப்புத் திட்டம் எப்போது தொடங்கும் என்று கேட்டேன். இதுதான் அது என்றார். மற்றவர்கள் கையில் டம்பெல் வைத்துக்கொண்டு செய்வார்கள், நான் வெறுங்கையோடு செய்யலாம். இரண்டு டம்பெல்லை எடுத்துவிட்டதுதான் முழு வித்தியாசம்.

இரண்டாம் வாரம் ஒரு நாள் இரவு, எண்ணெய் தேய்க்கலாம் என்று கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். இடது முட்டியில் சில்லின் இரு பக்கமும் விரல் நுனி பதியும் அளவுக்குச் சிறு பள்ளம் இருந்தது. வலது முட்டியில் அந்தப் பள்ளமே இல்லை, வழவழவென்று உருண்டையாக இருந்தது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் லேசாக உப்பியது. உள்ளே நீர் கோத்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்போது எனக்கு அது தெரியாது. மறுநாள் பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் மேசைக்கு அழைத்துப்போய் முட்டியில் மாட்டும் நீ-கேப் ஒன்றும், மூட்டுக்கு நல்லது என்று விற்கிற குளுக்கோசமைன் மாத்திரை டப்பா ஒன்றும் எடுத்து வைத்தார். இரண்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள். முழங்கால் தேய்மானத்துக்கு குளுக்கோசமைன் வேண்டாம் என்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பு தன் 2019 வழிகாட்டுதலிலேயே அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. இதுவும் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. நீ-கேப்பைப் போட்டுக்கொண்டு இன்னும் ஆறு நாள் குதித்தேன். கழற்றும்போது தோலில் அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும், அவ்வளவு வீக்கம்.

பதினெட்டாம் நாள் பெட்டி ஏறி இறங்குவது அறுபது தடவை. அதற்கு மறுநாள் காலையைத்தான் முதலிலேயே சொன்னேனே.

பின்னால் நான் சிகிச்சைக்குப் போன பிசியோதெரபிஸ்ட் எனக்கு விளக்கிய ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்திருந்தால் நான் முதல் வாரத்திலேயே வெளியே வந்திருப்பேன். நோயாளிகளுக்குப் பொருத்திய செயற்கை மூட்டுக்குள் அளவுக் கருவி வைத்து, முட்டி மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. 91 கிலோ ஆளுக்கு அது 300 கிலோவைத் தாண்டுகிறது. அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் என் முட்டி தாங்கியது அதைத்தான். இன்னொன்று, முட்டி வீங்கிவிட்டால் அதைப் பிடித்து நிறுத்துகிற முன்தொடைத் தசை முழு பலத்தோடு சுருங்காதபடி நரம்பு மண்டலமே அதை அடக்கி வைத்துவிடும். அதாவது, வீங்கிய முட்டியோடு பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் தசை வலுவாகாது, பாரம் முழுக்க மூட்டுக்கே போகும். "வலியைத் தாண்டுங்கள்" என்பது முட்டி வீங்கிய ஆளுக்குச் சொல்லவே கூடாத வார்த்தை.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். படிவத்தின் நான்காம் பக்கம், கடைசி வரி: உடல்நிலை தொடர்பான பொறுப்பு உறுப்பினரையே சாரும். கையெழுத்து என்னுடையது. சரி, அந்தப் படிவத்தின் நகலைக் கொடுங்கள் என்றேன். தயங்கித்தான் கொடுத்தார்கள். நான் போட்ட டிக் இருந்தது, ஓரத்தில் எழுதியதும் இருந்தது. அதற்கு நேர் கீழே "பயிற்சியாளர் படித்துக் கையொப்பமிட வேண்டும்" என்று ஒரு கட்டம். அது காலி. அதைக் காட்டிக் கேட்டதற்கு, உங்கள் மெம்பர்ஷிப்பை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றித் தருகிறோம் என்றார் மேலாளர். அதே இடத்துக்கு என் வீட்டு ஆளை அனுப்ப நான் தயாராக இல்லை. இரண்டு முறை எழுத்தில் கொடுத்தேன், பதிலே இல்லை. பணம் இன்று வரை வரவில்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு. அடுத்த நான்கு மாதம் உடற்பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே எனக்குப் பயம். "முட்டி தேஞ்சவங்க நடக்கவே கூடாது, நடந்தா இன்னும் தேயும்" என்று சொல்லாத உறவினர் இல்லை. அதை நம்பி உட்கார்ந்தே இருந்தேன். எடை 94 ஆனது, தொடை மெலிந்தது, வலி கூடியது. அந்தப் பேச்சும் தவறு என்பதை அடித்துச் சொல்கிறேன். முட்டித் தேய்மானத்துக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் சொல்வதே உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். டென்மார்க்கில் 2013 முதல் இதற்கென்றே ஆறு வாரப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். ஆகவே இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் நடப்பதை நிறுத்திவிடாதீர்கள். தவறு உடற்பயிற்சியில் இல்லை, ஆளைப் பார்க்காமல் கொடுத்த உடற்பயிற்சியில்.

ஆளைப் பார்ப்பது என்றால் என்ன என்று பிசியோவிடம் போன முதல் நாளே தெரிந்தது. முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி என்னைப் பார்ப்பதிலேயே போனது. நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வீக்கம் வடியும்வரை படுத்தபடி செய்யும் பயிற்சிகள் மட்டும் கொடுத்தார். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அழுத்திப் பிடிப்பது. காலை நேராக வைத்து ஒரு சாண் உயரம் தூக்கி ஐந்து எண்ணுவது. பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், பத்தாவது தடவையில் தொடை நடுங்கும். அப்புறம் இரண்டு தலையணை போட்டு உயர்த்திய நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. வாரங்கள் போகப் போக ஒவ்வொரு தலையணையாக எடுத்தார்.

சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தபோது சீட்டை அவரே சரிசெய்தார். மிதி கீழே போகும்போது முழங்கால் கிட்டத்தட்ட நீண்டிருக்க வேண்டும், கொஞ்சம் மட்டும் மடங்கியிருந்தால் போதும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி அதிகம் மடங்கி, சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும். அந்த ஜிம்மில் சைக்கிளில் உட்கார்ந்தபோது என் முட்டி கிட்டத்தட்ட வயிறு வரை வந்தது, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீச்சல் குளம் கிடைக்கிறவர்கள் நீந்தத் தெரியாவிட்டாலும் தண்ணீருக்குள் நடக்கலாம். இடுப்பளவு நீரில் உடல் எடையில் சுமார் பாதிதான் காலில் இறங்கும், மார்பளவு நீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு.

வலிக்கு அவர் சொன்ன கணக்கு எளிமையானது. செய்யும்போது லேசாக வலித்தால் தொடரலாம். மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றாலோ வீங்கினாலோ அது அதிகம், அடுத்த முறை குறைக்க வேண்டும்.

எடை விஷயத்திலும் என்னை ஏமாற்றித்தான் இருக்கிறார்கள். முட்டித் தேய்மானமும் அதிக எடையும் உள்ள 454 பேரை 18 மாதம் கவனித்து 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உண்டு. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள் சராசரியாகக் குறைத்தது 1.8 கிலோ. உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்கள் 8.9 கிலோ. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் 10.6 கிலோ குறைத்தார்கள், வலி நன்றாகக் குறைந்ததும் இவர்களுக்குத்தான். குதித்துக் குதித்தே கொழுப்பைக் கரைக்கலாம் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. 94-இலிருந்து நான் இப்போது 85 கிலோ. பெரும்பாலும் சாப்பாட்டு அளவால் குறைந்தது, தசையைக் காப்பாற்றியது பயிற்சி. உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று 2005-இலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஒன்பது கிலோவைப் படி இறங்கும்போது உணர்கிறேன்.

எங்கே சேர்ந்தாலும் பணத்தை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் முட்டிக்காக எதையெல்லாம் மாற்றுவீர்கள்?" பெயர் சொல்லி நாலு பயிற்சியை எடுத்து, அதற்குப் பதில் இது என்று சொல்கிறாரா பாருங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். மொத்தக் கட்டணம் கட்டாதீர்கள், ஒரு மாதம் போதும். படிவத்தைக் கடைசி வரி வரை படித்து, நகலை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். முட்டி திடீரென்று பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் மடிந்து விட்டாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ பயிற்சியாளரிடம் காட்டிக்கொண்டிருக்காமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

போன வாரம் என்னோடு அந்த வரிசையில் நின்ற ஒரு பெண் போன் செய்தாள். "அக்கா, எனக்கும் ரெண்டு வாரமா இடது முட்டி வலிக்குது, பழகிடும்ங்கறார்" என்றாள். இரவு விளக்குக்கு அடியில் இரண்டு காலையும் நீட்டிவைத்து, சில்லுக்குப் பக்கத்தில் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் போட்டோ அனுப்பினாள். இடது முட்டியில் பள்ளம் இல்லை. மறுநாள் ஜிம்முக்குப் போகாமல் டாக்டரிடம் போனாள். படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதிலும் அந்தக் கட்டம் காலிதான்.