சி.எம்.சி வேலூர் – தங்கச்சியோட முத்துப்பிள்ளை (நஞ்சுக்கொடி நீர்க்கட்டியா வளர்ற கர்ப்பம்) கேசுக்கு போய் வந்த ரிவ்யூ

ஸ்டார் குடுக்க இது இன்னா பிரியாணி கடையா, ஆனா நாங்க தேடும்போது தமிழ்ல ஒண்ணும் சரியா கெடைக்கல, அதான் எழுதறேன்.

தங்கச்சிக்கு மூணாவது மாசம், ஓயாத வாந்தி, வயிறு அஞ்சு மாசம் மாதிரி தெரிஞ்சுது, பெரிம்மா ரெட்டைப்புள்ளடின்னு சொல்லிகினே இருந்துச்சு, அப்புறம் பாத்தா பழுப்பு கலர்ல ரத்தம் படுது. குடியாத்தம் பக்கம் ஒரு கிளினிக்ல (பேரு வேணாம்) துடிப்பு இல்ல, க்ளீன் பண்ணிடலாம்னாங்க, எடுத்தத டெஸ்ட்டுக்கு அனுப்புவீங்களான்னு கேட்டா அதெல்லாம் எதுக்கும்மாவாம். மனசு ஒப்பல, மறுநாளே சி.எம்.சி. 1900-ல ஐடா ஸ்கடர் ஒத்தக் கட்டில் போட்டு பொம்பளைங்களுக்காக ஆரம்பிச்ச எடம்தானே.

ஸ்கேன்ல டாக்டரம்மா ஸ்கிரீன திருப்பியே காட்டினாங்க, கர்ப்பப்பை முழுக்க வெந்த ஜவ்வரிசி மாதிரி பொடிப்பொடியா. கொழந்த உருவாவவே இல்ல, நஞ்சுக்கொடி மட்டும் நீர்க்கட்டியா வளந்திருக்கு. பீட்டா ஹெச்சிஜி (ரத்தத்துல இருக்கற கர்ப்ப ஹார்மோன்) 2 லட்சத்துக்கு மேல. நெஞ்சு எக்ஸ்ரே வேற, வயித்துக்கு வந்தவளுக்கு நெஞ்சு எதுக்குன்னு முழிச்சேன், இது கேன்சரா மாறி பரவினா பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போவுமாம். உறிஞ்சி எடுத்து பயாப்சி அனுப்பினாங்க, முழு முத்துப்பிள்ளைன்னு வந்துது, அதாவது கொழந்தயே இல்லாத வகை. இதுல 100 பேர்ல 15, 20 பேருக்கு எடுத்த பெறவும் உள்ள வளருமாம், சீக்கிரம் கண்டுபுடிச்சா மெத்தோட்ரெக்சேட்னு ஒரு கேன்சர் மருந்து ஊசியிலயே அனேகமா எல்லாருக்கும் சரியாயிடும்.

எனக்கு ரொம்ப புடிச்சது அப்புறம் அவங்க காட்டின விடாப்புடிதான். ரத்தப்போக்கு நின்னாலும் வாரா வாரம் அதே ஹெச்சிஜி டெஸ்ட், அதுவும் ஒரே லேப்ல, ஏன்னா லேபுக்கு லேப் நம்பர் மாறும். 8,400, 610, 94ன்னு அம்மா ஜலகண்டேஸ்வரர் படம் போட்ட காலண்டர் ஓரத்துல எழுதிகினே வந்தாங்க. ஒரு வாரம் 94 அப்படியே நின்னுச்சு, அன்னிக்கு வீட்ல யாருக்கும் சோறு எறங்கல. அடுத்த வாரம் 31, இப்ப 5-க்கு கீழ.

அதுக்குள்ள மாமியார் அடுத்தது எப்பன்னு ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டரம்மா அவங்களையே கூட்டிகினு வர சொல்லி, இப்ப கர்ப்பமானா இதே நம்பர்தான் ஏறும், கொழந்தையா கேன்சரான்னு நான் எப்படி கண்டுபுடிக்கறதுன்னு கேட்டாங்க, ஆயா கப்சிப்.

அஞ்சு ஸ்டார். பழைய ஸ்கேன், சீட்டு எல்லாம் தூக்கிகினு போங்க, இட்லியும் கட்டிகினு போங்க.