பழைய பேப்பர் கட்டிங்: ஒட்டுவதா, லேமினேட் செய்வதா, உறையில் போடுவதா?

வீட்டில் பழைய காகிதங்களைப் பிரித்தபோது இரண்டு விசித்திரமான கட்டிங் கிடைத்தன. ஒன்று, 1979 ஜூலையில் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப் தலையில் விழுமோ என்று ஊரே பயந்த செய்தி. இன்னொன்று, 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடித்த செய்தி. அதைத் திருப்பினால் பாதியில் வெட்டுப்பட்ட ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். எனக்கு அந்தப் பாதி விளம்பரமும் வேண்டும். இனி இவற்றை எப்படி வைப்பது?

நோட்டில் ஒட்டுவது அப்பா காலத்து வழி. வரிசையாக இருக்கும், புரட்டுவது சுகம். ஆனால் பின்பக்கம் போயே போய்விடும். மைதாப் பசையென்றால் பூச்சிக்குக் கொண்டாட்டம். செலோடேப் இன்னும் மோசம்: சில வருடங்களில் டேப் உதிர்ந்துவிடும், பழுப்புக் கறை மட்டும் எழுத்தின் மேலேயே நிற்கும்.

லேமினேஷனைத்தான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். செய்தித்தாள் மரக்கூழில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். காகிதத்தில் உள்ள அமிலம் நாரை அரித்து, தொட்டால் நொறுங்கும்படி ஆக்கிவிடும். லேமினேட் செய்தால் அந்த அமிலமும் உள்ளேயே அடைபடும். பிறகு மனசு மாறினாலும் பிரித்தெடுக்க முடியாது.

ஸ்கேன் நல்ல வழி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் பொடி எழுத்தும் படிக்க வரும், இரண்டு பக்கமும் கிடைக்கும். ஆனால் போனில் ஆயிரம் படங்களுக்கு நடுவே போட்டுவிட்டால் தேடி எடுப்பது யார்? தனி ஃபோல்டரும், தேதியோடு ஒரு பெயரும் கட்டாயம் வேண்டும்.

என் ஓட்டு உறைக்குத்தான். பாலியெஸ்டர் உறை, அதற்குள் தாங்கலுக்கு அமிலமில்லாத ஒரு தாள். வேண்டும்போது உருவிப் பின்பக்கத்தைப் பார்க்கலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி கவரில் மை ஒட்டிக்கொள்ளும், அதைத் தவிருங்கள். பரணில் போடாமல் அலமாரியில், வெயில் படாத தட்டில் வையுங்கள். பத்திரிகையின் பெயரையும் தேதியையும் அந்தத் தாங்கல் தாளில் பென்சிலால் எழுதுங்கள்.

உறையோடு ஸ்கேனும் இருந்தால் நிம்மதி. பழைய தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானபோது, பக்கங்களைச் சின்னதாகப் படம்பிடிக்கும் மைக்ரோஃபிலிமும் எடுத்தார்கள், மூலத்தையும் காப்பாற்றினார்கள். நம் வீட்டு ஸ்கைலாப்புக்கும் அதையே செய்யலாம்.