ஜாக் ரஸ்ஸல், யார்க்கி, கெய்ர்ன்: எந்தச் சின்ன டெரியர் உங்களுக்குச் சரிப்படும்?

சின்ன நாய்தானே, வளர்ப்பது சுலபம் என்று நினைத்து டெரியர் குட்டியை எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஆறு மாதம் போனதும் "சொன்ன பேச்சே கேட்பதில்லை" என்று வருத்தப்படுகிறார்கள். குட்டியின் மேல் தப்பில்லை. டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் 'டெரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எலியையும் நரியையும் தேடி வளைக்குள் இறங்குவது இவற்றின் தொழில். ஆட்டுமந்தையை ஓட்டும் நாய் மேய்ப்பனின் கையசைவைப் பார்த்து ஓடும். வளைக்குள் இறங்கிய டெரியருக்கு யார் குரலும் எட்டாது. முன்னேறுவதா, பின்வாங்குவதா, நின்று குரைப்பதா என்று இருட்டில் அதுவேதான் முடிவெடுக்க வேண்டும். நாம் பிடிவாதம் என்று சொல்வது அந்தத் திறமையைத்தான். மூன்று இனத்திலும் அது இருக்கிறது, ஆனால் வெளிப்படும் இடம் வேறு வேறு.

ஜாக் ரஸ்ஸலில் அது ஓட்டத்தில் வெளிப்படும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் (1795–1883) என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக வளர்த்த வம்சம் இது. ஆக்ஸ்போர்டில் படிக்கும்போது அவர் வாங்கிய 'ட்ரம்ப்' என்ற பெட்டை நாயிலிருந்து இதன் கதையைத் தொடங்குவார்கள். உடம்பில் வெள்ளை அதிகம் இருந்தால்தான் நரி எது, நாய் எது என்று தூரத்திலிருந்தே தெரியும். குதிரைகளோடு ஓடி வந்து, நரி பதுங்கிய வளைக்குள் நுழைந்து, அதைக் கொல்லாமல் குரைத்தே வெளியே கிளப்ப வேண்டும். ஐந்தாறு கிலோ உடம்புக்குள் இவ்வளவு வேலையும் அடங்கியிருக்கிறது.

அதனால் இதற்குக் கற்றுக்கொடுப்பது கடினம் இல்லை. 'உட்கார்', 'படு' எல்லாம் ஓரிரு நாளில் வந்துவிடும். கடினம் ஒன்றே ஒன்று: ஓடுகிற அணிலைப் பார்த்த பிறகு கூப்பிட்டால் வருவது. நான் வளர்த்த ஜாக் ரஸ்ஸல் வீட்டுக்குள் பெயரைச் சொன்னதுமே பாய்ந்து வருவாள். வெளியே அதே பெயர் அவள் காதில் விழவே விழாது. மாதக்கணக்கில் பத்து மீட்டர் நீளக் கயிற்றோடுதான் பழக்கினேன். கூப்பிட்டு வந்ததும் நல்ல தீனி ஒரு துண்டு, அப்புறம் உடனே மறுபடி விளையாட விட்டுவிடுவது. வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்று நாய் நினைத்துவிட்டால் எல்லாம் வீண். கூப்பிட்டு வரவழைத்துத் திட்டுவது அதைவிட மோசம். இன்னொன்றும் கைகொடுத்தது: கோலில் கயிறு கட்டி, நுனியில் பொம்மை கோத்துத் துரத்தவிட்டு, 'விடு' என்றதும் விட்டால் மறுபடி ஓடவிடுவது. துரத்தும் ஆசையை அடக்க முடியாது, அதையே பரிசாக்கலாம்.

யார்க்கி என்று சுருக்கமாகச் சொல்லும் யார்க்‌ஷயர் டெரியரைப் பார்த்தால் எலி பிடித்த நாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் வளர்த்த நாய் இது. இன்று முழு வளர்ச்சியிலும் 3.2 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது இனத் தரவிதி. இதன் புத்தியைச் சொல்ல ஸ்மோக்கி போதும். இரண்டாம் உலகப் போரில், 1944-ல் நியூ கினியின் காட்டுப் பதுங்குகுழி ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட யார்க்கி அவள். பில் வின் என்ற அமெரிக்க வீரர் அவளைப் பழக்கினார். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் விமான ஓடுபாதைக்கு அடியில் சென்ற சுமார் 21 மீட்டர் நீளக் குழாய்க்குள் தொலைபேசிக் கம்பியை அவள் இழுத்துச் சென்றாள். இரண்டு கிலோகூட இல்லாத நாய்!

இதைப் பழக்குவதில் தடையாக இருப்பது நம் கைதான். குரைத்தால் தூக்குகிறோம், பயந்தால் தூக்குகிறோம். குரைத்தால் தூக்குவார்கள் என்று அது கற்றுக்கொள்கிறது. தரையில் நடக்கவிட்டு, அமைதியாக இருக்கும் நொடியில் பரிசு கொடுங்கள். வீட்டுக்குள் ஈரம் செய்யாமல் பழக்க மற்ற இரண்டையும்விட அதிக நாள் ஆகும்: சிறுநீர்ப்பை சிறியது, சிந்திய துளியும் கண்ணில் படாமல் போகும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே கொண்டுபோக வேண்டும். மூச்சுக்குழாய் பலவீனமான இனம் என்பதால் கழுத்துப்பட்டியில் கயிறு மாட்டாமல் மார்புப்பட்டியில் மாட்டுங்கள். குட்டிகளுக்கு வேளை தவறினால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். பயிற்சிக்காகப் பட்டினி போடுவது வேண்டவே வேண்டாம்.

கெய்ர்ன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் மூன்றில் தொந்தரவு குறைந்தது அதுதான். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் 'கெய்ர்ன்' எனப்படும் கற்குவியல்களுக்குள் புகுந்து வேட்டையாடியதால் இந்தப் பெயர். எடை ஆறு முதல் ஏழரை கிலோ. 1939-ல் வெளியான 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் டோட்டோ என்ற நாயாக நடித்த டெர்ரி ஒரு கெய்ர்ன். ஜாக் ரஸ்ஸல் அளவுக்குப் பரபரப்பு இல்லை, யார்க்கி அளவுக்கு நொய்மை இல்லை. மண்ணைத் தோண்டுவது மட்டும் நிற்காது. ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கி, மண்ணில் பொம்மையைப் புதைத்து வைத்தால் மற்ற செடிகள் பிழைக்கும்.

முதல்முறையாக நாய் வளர்ப்பவருக்கு நான் கெய்ர்னைத்தான் சொல்வேன். சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு யார்க்கி வேண்டாம். ஒருமுறை கீழே விழுந்தாலே எலும்பு முறியலாம். நாள்தோறும் ஓடுகிற பழக்கம் இருப்பவருக்கு ஜாக் ரஸ்ஸலைப் போன்ற துணை வேறில்லை. ஆனால் பகல் முழுக்க ஆளில்லாத வீட்டில் அதை விடாதீர்கள், தயவுசெய்து. முயலோ வெள்ளெலியோ வளர்க்கும் வீட்டுக்கு மூன்றுமே ஆகாது.

குட்டியைப் பார்க்கப் போகும்போது தாய் நாயையும் காட்டச் சொல்லுங்கள். புது ஆளைக் கண்டு ஒளிகிறதா, மோந்து பார்க்க வருகிறதா என்று கவனியுங்கள். எட்டு வாரம் நிறையும் முன்னால் குட்டியைத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தினம் ஐந்து நிமிடம் பாதத்தையும் காதையும் வாயையும் தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு துண்டு தீனி கொடுங்கள். முதல் வாரத்துக்கு அந்த ஒரு பாடம் போதும்.