சின்னத் தொகை போக்கர் ஆட்டம்தானே என்று உட்காருகிறவர்களுக்கு: ஒன்பது இரவுகளில் எனக்கு நடந்தது

வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்த பிறகு, நான்கைந்து மணி நேரம் நேரில் உட்கார்ந்து டெக்சாஸ் ஹோல்டெம் ஆடுவது எனக்குப் பிடிக்கும். அதை வைத்துப் பிழைக்கிறவன் இல்லை நான். தோற்றால் தாங்கக்கூடிய பணத்தோடு போவேன், அது தீர்ந்தால் எழுந்து வந்துவிடுவேன். அப்படி ஆடிய நான் ஒரு தனியார் அறையில் எப்படி ஏமாந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். இடத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இருக்காது. நாளைக்கே பெயரை மாற்றிக்கொண்டு வேறு இடத்தில் மேசை போடுவார்கள், ஆனால் செய்கிற முறை மாறாது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த முறையைத்தான்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் அழைப்பு வந்தது. ஒன்பது பேர் மேசை, சீட்டுப் போடத் தனியாக ஒரு டீலர், பை-இன், அதாவது உட்காரும்போது கொடுத்து சிப் வாங்கும் பணம், 100 பிக் பிளைண்ட். பிக் பிளைண்ட் என்பது ஒவ்வொரு கையிலும் சீட்டுப் பார்க்கும் முன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை; இதில் வரும் பந்தய எண்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான். முதல் நாள் குறை சொல்ல எதுவுமே தெரியவில்லை. புதுச் சீட்டுக் கட்டு, நல்ல மேசை, எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். எனக்கு வலது பக்கம் இரண்டு இடம் தள்ளி ஒருவர், இடது பக்கம் இரண்டு இடம் தள்ளி இன்னொருவர். இரண்டு பேருமே வழக்கமாக வருகிறவர்கள் என்றார்கள். நான் ஒரு பெரிய பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், தோற்றபோது, "நல்லாத்தான் ஆடுனீங்க சார், சீட்டு வரல, என்ன பண்றது" என்று ஆறுதல் சொன்னவர் அந்த வலது பக்கக்காரர்தான். அதை நான் மனதார ஏற்றுக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வலிப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

நாலாவது இரவில் வந்த ஒரு கையை, அதாவது ஒரு சுற்று ஆட்டத்தை, முழுதாகச் சொல்கிறேன். இதில் ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. எனக்கு ஏஸ்-கிங். வலது பக்கக்காரர் 4 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தார், அதாவது பந்தயத்தை ஏற்றினார். நான் 14-க்கு ஏற்றினேன். இடது பக்கக்காரர் கால், அதாவது அதே தொகைக்கு ஈடுகட்டினார், வலது பக்கக்காரரும் கால். முதல் மூன்று பொதுச் சீட்டுகளான ஃப்ளாப்பில் ஸ்பேட் கிங், ஹார்ட் எட்டு, ஸ்பேட் ஐந்து. வலது பக்கக்காரர் செக் சொன்னார், அதாவது பணம் வைக்காமல் விட்டார். நான் 20 வைத்தேன். இடது பக்கக்காரர் 60-க்கு ஏற்றினார். வலது பக்கக்காரர் ஒரு நொடிகூட யோசிக்காமல் 140 என்றார். எனக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பேர் இப்படி ஏற்றும்போது ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாராவது ஒருவரிடம் செட், அதாவது ஒரே எண்ணில் மூன்று சீட்டு, இருக்கும் என்று நினைத்து ஏஸ்-கிங்கைக் கீழே போட்டு விலகிவிட்டேன். இடது பக்கக்காரர் 140-க்கு மிச்சமிருந்த 80-ஐ வைத்து கால் செய்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். நடுவில் 340 பிக் பிளைண்டுக்கு மேல் கிடக்கிறது. இரண்டு பேர் முன்னாலும் இன்னும் 100-க்குப் பக்கத்தில் சிப் இருக்கிறது. நாலாவது பொதுச் சீட்டான டர்னில் ஒன்றுக்கும் உதவாத ஒரு ரெண்டு வந்தது. செக், செக். கடைசிச் சீட்டான ரிவரில் ஒரு மூணு வந்தது. மறுபடியும் செக், செக். அரை நிமிடம் முன்பு அடித்துக்கொண்ட இரண்டு பேர், நான் வெளியே போனதும் அமைதியாகிவிட்டார்கள். இடது பக்கக்காரர் காட்டியது கிங்-பத்து, என் ஏஸ்-கிங்கிடம் தோற்றிருக்கும் கை. வலது பக்கக்காரர் தன் சீட்டைக் கவிழ்த்தபடியே டீலரிடம் தள்ளினார். "அந்தக் கையைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் டீலர் அதைப் போட்ட சீட்டுகளோடு சேர்த்துக் கலந்துவிட்டார். "முடிஞ்சுபோச்சு சார், அடுத்த கை" என்றார்.

ஒரு கையை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவரிடம் இரண்டு ஸ்பேட் இருந்திருக்கலாம், ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு, வராமல் போயிருக்கலாம். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் மனது ஒப்பவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, அவர்கள் இரண்டு பேரும் மூன்றாவது ஆளோடு ஒரே பாட்டில் இருந்த ஒவ்வொரு கையையும் போனில் குறித்துவைக்கத் தொடங்கினேன். மூன்றாவது ஆள் வெளியேறும் வரை ஏற்றம் மேல் ஏற்றம். வெளியேறிய பிறகு அவர்களுக்குள் ஒரு பெட்கூடக் கிடையாது. நான் குறித்த பதினோரு கைகளிலும் இதே கதைதான். மூன்றாவது ஆளை நடுவில் மாட்டி இரு பக்கமும் இழுக்கும் இந்த வித்தை போக்கரில் மிகப் பழையது. இதற்கு சீட்டு மாற்றத் தெரிய வேண்டாம், கைவேகம் வேண்டாம். கூட்டுக்களவாணி ஒருவன் இருந்தால் போதும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலது பக்கக்காரர் தன் சீட்டுகளின் மேல் ஒரு பழைய நாணயத்தை வைப்பார். சீட்டு தவறிக் கலந்துவிடாமல் இருக்கப் பலரும் அப்படி ஏதாவது வைப்பது வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த நாணயம் சீட்டின் நடுவில் இருந்த கைகளில் இடது பக்கக்காரர் உடனே ஃபோல்ட் செய்வார், அதாவது சீட்டைப் போட்டு விலகுவார். நாணயம் மேல் ஓரத்தில் இருந்தால் இடது பக்கக்காரர் ரெய்ஸ் செய்து உள்ளே வருவார். ஆறாவது இரவில், நாணயத்தைப் பார்த்தே அவர் அடுத்து என்ன செய்வார் என்று என்னால் சொல்ல முடிந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் இரண்டு முறை மெதுவாகச் சொல்லியும் காட்டினேன், இரண்டு முறையும் அப்படியே நடந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த வாரம் அவர் வரவில்லை.

சீட்டாட்ட மோசடி என்றாலே பெரிய கருவிகள்தான் நம் நினைவுக்கு வரும். அதுவும் உண்மைதான். 2023-இல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், சீட்டு கலைக்கும் இயந்திரம் ஒன்றின் யூஎஸ்பி துளை வழியாக உள்ளே புகுந்து, கட்டின் வரிசையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2025 அக்டோபரில் நியூயார்க்கில் அறிவிக்கப்பட்ட ஒரு வழக்கில், மாற்றியமைத்த கலைக்கும் இயந்திரங்களையும் மறைவான கருவிகளையும் வைத்துப் பெரும் பணக்காரர்களை ஏமாற்றியதாக அரசு குற்றம் சாட்டியது. ஆனால் நம்மைப் போன்றவர்கள் ஆடும் மேசைக்கு யாரும் அவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள். ஒரு நாணயமும் இரண்டு நண்பர்களும் போதும். சின்ன ஆட்டம்தானே என்று நாமும் எதையும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்டதில் எனக்கு மிகப் பெரிய அடி ரேக். ஒவ்வொரு பாட்டிலிருந்தும் அறை தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பங்கு அது. ஒழுங்காக நடத்துகிற இடங்களில் இத்தனை சதவீதம் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். எவ்வளவு பெரிய பாட்டாக இருந்தாலும் இதற்கு மேல் எடுக்க மாட்டோம் என்று ஓர் உச்சவரம்பும் இருக்கும். ஃப்ளாப் வராத கைக்குப் பல இடங்களில் ரேக்கே கிடையாது. இங்கே 10 சதவீதம், உச்சவரம்பு இல்லை, ஃப்ளாப் வராவிட்டாலும் உண்டு. டீலர் பேசிக்கொண்டே சிப்பை எடுத்துப் பெட்டித் துளையில் தள்ளுவார். எவ்வளவு எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரில் ஆடும்போது மணிக்குச் சுமார் 25 கைகள் வரும். பாட் சராசரியாக 25 பிக் பிளைண்ட் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கையிலும் 2.5 போகிறது. மணிக்கு 62.5. ஐந்து மணி நேரத்தில் 312.5. ஆளுக்கு ஒரு பை-இன் என்றால் ஒன்பது பேருக்கும் மொத்தம் 900. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்டிக்குள் போய்விட்டது. தலைக்கு மணிக்கு ஏறக்குறைய 7 பிக் பிளைண்ட். சின்ன மேசையில் நன்றாக ஆடுகிறவர்களே மணிக்கு 5 முதல் 10 வரை சம்பாதித்தால் பெரிய விஷயம். அப்படியென்றால் யாரும் யாரையும் ஏமாற்றாவிட்டாலும்கூட இந்த மேசையில் ஜெயித்து எழுவது மிகவும் கடினம். நான் இந்தக் கணக்கைப் போட்டது ஏழாவது இரவுக்குப் பிறகு. முதல் இரவிலேயே போட்டிருக்க வேண்டும், ஒரு தாளும் ஐந்து நிமிடமும் போதும்.

அந்த ஏழாவது இரவில்தான் நடுங்க வைத்த விஷயம் தெரிந்தது. நான் கொஞ்சம் சீக்கிரம் போயிருந்தேன். மற்றவர்கள் பணத்தை எண்ணிக் கொடுத்து சிப் வாங்கினார்கள். வலது பக்கக்காரரும் இடது பக்கக்காரரும் வந்தார்கள், பணம் எதுவும் எடுக்கவில்லை. அறையை நடத்துகிறவர் ஒரு சிறிய நோட்டில் எதையோ எழுதிவிட்டு ஆளுக்கு 250 பிக் பிளைண்ட் சிப் அடுக்கி வைத்தார். "அண்ணே, அவங்க பணம்?" என்று கேட்டேன். "அவங்க கணக்கு நம்மகிட்ட இருக்கு தம்பி, நீங்க உக்காருங்க" என்றார்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். நான் தோற்றால் என் ரொக்கம் அவர்களுக்குப் போகிறது. அவர்கள் தோற்றால் எனக்கு வருவது வெறும் சிப். அந்த சிப்புக்குப் பின்னால் பெட்டியில் பணம் கிடையாது. மேசையில் இருக்கும் எல்லா சிப்பையும் ஒரே நேரத்தில் மாற்றக் கேட்டால் கொடுக்க முடியாத மேசை அது. ஆள் குறையும்போது மேசையை நிரப்ப அறையே ஆட்களை உட்காரவைப்பது உலகத்தில் பல இடங்களில் உண்டு. ஆனால் நேர்மையான இடத்தில் "இவர் அறையின் ஆளா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்வார்கள். இங்கே அவர்கள் விருந்தாளிகளைப் போல வந்தார்கள், உள்கையாக இருந்தார்கள்.

அங்கேயே எழுந்திருக்க வேண்டும். நான் எழவில்லை. அதுவரை 180 பிக் பிளைண்ட் தோற்றிருந்தேன், அதை எடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் இதே நினைப்பில் உட்கார்ந்திருக்கும் யாராவது இதைப் படிக்கலாம்.

ஒன்பதாவது இரவில் எனக்கு நல்ல சீட்டு வந்தது. அவர்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தால் விலகி, மற்றவர்களோடு மட்டும் ஆடினேன். 260 பிக் பிளைண்டோடு எழுந்தேன். "இன்னைக்கு ரொக்கம் கம்மியா இருக்கு தம்பி, 100-க்கு வாங்கிக்கங்க, மிச்சம் அடுத்த வாரம்" என்றார் அண்ணன். அடுத்த வாரம் போனேன். ஆடினால்தான் கணக்கில் கழிக்க முடியும் என்றார். அதற்கடுத்த வாரம் போனை எடுக்கவில்லை. 160 இன்றுவரை வரவில்லை. எங்கே போய்ப் புகார் சொல்வது? ரேக் எடுத்து நடத்தும் தனியார் ஆட்டம் பல நாடுகளில் சட்டப்படி குற்றம். புகார் கொடுப்பவனும் அதே மேசையில் உட்கார்ந்தவன்தான். இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் கொடுக்காமல் இருக்கிறார்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிய வருத்தம் வேறு. மூன்றாவது வாரத்தில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவரை அங்கே கூட்டிப்போனேன். போக்கர் கற்றுக்கொண்டு சில மாதங்களே ஆகியிருந்தன. என்னை நம்பித்தான் வந்தார். ஒரே இரவில் இரண்டு பை-இன் தோற்றார். வீட்டுக்குப் போகும் வழியில் "நான்தான் சரியா ஆடல போலண்ணே" என்றார். அவர் சரியாகத்தான் ஆடினார். அந்த இரவில் அவர் போட்டுவிட்ட மூன்று கைகள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, மூன்றிலும் அவருக்கு இரு பக்கமும் அதே இரண்டு பேர். போன வாரம் அவரை உட்காரவைத்து என் குறிப்புகளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.

இப்போது புதிய மேசை எதில் உட்கார்ந்தாலும் முதலில் அரை மணி நேரம் நின்று பார்க்கிறேன். ரேக் எவ்வளவு, உச்சவரம்பு என்ன என்று வாய்விட்டுக் கேட்கிறேன். எல்லோரும் பணம் கொடுத்துத்தான் சிப் வாங்குகிறார்களா என்று பார்க்கிறேன். டீலர் சீட்டுக் கட்டை வெட்டிய பிறகு, அடிச்சீட்டை மறைக்கும் வெட்டுச் சீட்டு என்ற தனி அட்டையை அடியில் வைக்கிறாரா என்றும் பார்க்கிறேன். அது இல்லாவிட்டால் அடிச்சீட்டு பக்கத்து இருக்கைக்குத் தெரியும். கடைசிவரை நின்ற கை கவிழ்ந்து போனால், போட்ட சீட்டுகளோடு கலக்கும் முன்பே "காட்டுங்க" என்று சத்தமாகச் சொல்கிறேன். பல அறைகளின் விதியில் இந்த உரிமை இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதைப் பிடிப்பதற்குத்தான் அந்த விதியே வந்தது. எல்லாக் கைக்கும் கேட்டால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும், சந்தேகம் வரும் கைக்குக் கேளுங்கள். முதல் நாளே சின்னத் தொகை ஜெயித்தாலும் எழுந்து மாற்றிப் பாருங்கள், முழுதாக ரொக்கமாகக் கொடுக்கிறார்களா என்று. ஒழுங்கான இடத்தில் இதையெல்லாம் கேட்டதற்கு இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டது அந்த ஓர் அறையில் மட்டும்தான்.

அந்த அறையின் குழுவிலிருந்து நேற்றும் செய்தி வந்தது. "ரெண்டு சீட் காலி, நல்ல டேபிள், யார் வர்றீங்க?" இரண்டு பேர் வருகிறேன் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேருமே எனக்கு முகம் தெரியாதவர்கள். அவர்களுக்குத் தனித்தனியாக இதை அனுப்பிவிட்டுத்தான் இங்கே போடுகிறேன்.