மூன்றாவது முறையும் கழன்று விழுந்த பாட்: டாம்கேட் மாடலோடு ஆறு வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது. எஃப்-14 டாம்கேட் போர் விமான மாடலின் வயிற்றில் ஒட்டியிருந்த டார்ப்ஸ் பாட், அதாவது உளவுக் கேமராப் பெட்டி, மறுபடியும் விழுந்துவிட்டது. ஆறு வருடத்தில் இது மூன்றாவது தடவை. அன்று சாயங்காலமே நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "அந்த 1/48 அளவு டாம்கேட் கிட் விலை குறைஞ்சிருக்கு போல, வாங்கலாமா?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டார்.

விமானத்தைப் பற்றி எனக்குக் குறையே கிடையாது. இறக்கையை முன்னும் பின்னும் நகர்த்தலாம், உடம்பில் உள்ள கோடுகள் கூர்மை, டீக்கால் ஒட்டுப்படங்கள் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டன. என் பிரச்சினை முழுக்க அந்தப் பாட்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டிக்காகத்தான் இந்தக் கிட்டையே வாங்கினேன்.

ஏவுகணைகளைத் தொங்கவிட்ட டாம்கேட் எல்லோரிடமும் இருக்கிறது. டார்ப்ஸ் அப்படியில்லை. நிஜத்தில் 17 அடி நீளம், சுமார் 840 கிலோ. ஒரு மாருதி 800 காரே அவ்வளவு கனம் வராது. உள்ளே மூன்று கருவிகள். மூக்குப் பக்கம் கேஎஸ்-87 கேமரா. முன்னால் பார்க்கவும் செய்யும், திருப்பினால் நேர் கீழேயும் பார்க்கும். அதற்குப் பின்னால் கேஏ-99, இந்த அடிவானத்திலிருந்து அந்த அடிவானம் வரை ஒரே வீச்சில் அள்ளும் பனோரமா கேமரா. கடைசியில் ஏஏடி-5, வெப்பத்தைக் கோடு கோடாகப் படம் பிடிக்கும் அகச்சிவப்புக் கருவி. இயக்குவது பின் இருக்கைக்காரர். எல்லாமே ஃபிலிம். கப்பலில் இறங்கியதும் சுருளைக் கழற்றி, கழுவி, மேசையில் விரித்துப் பார்த்தால்தான் என்ன கிடைத்தது என்றே தெரியும். 1996இல்தான் கேஎஸ்-87 இடத்தில் டிஜிட்டல் கேமராவை வைத்து, பறந்துகொண்டே படம் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அமெரிக்கக் கடற்படை இதை ஆசைப்பட்டுச் செய்யவில்லை. விஜிலன்டி உளவு விமானம் 1979இல் ஓய்வு பெற்றது, குரூசேடர் போர் விமானத்தின் கேமரா வகைக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. சரி, தற்காலிகமாக ஒரு பெட்டியை டாம்கேட்டின் வயிற்றில் மாட்டி ஓட்டுவோம் என்று தொடங்கியது. அந்தத் தற்காலிகம் இருபது வருடத்துக்கு மேல் ஓடியது.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். மாடலைக் கண்ணாடித் தளத்தின் மேல் நிறுத்தியிருக்கிறேன், அடிவயிறு தெரியட்டும் என்று. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "கோணலா ஒட்டிட்டீங்களே!" மச்சான் ஒருபடி மேலே போய் விரலால் நகர்த்திப் பார்த்தார். முதல் தடவை விழுந்தது அப்படித்தான்.

கோணல் இல்லை ஐயா. டாம்கேட்டின் இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவே ஒரு அகலமான பள்ளம் உண்டு; அதில் பெரிய ஏவுகணைகளுக்காக முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இடங்கள். டார்ப்ஸ் மாட்டுவது ஐந்தாம் எண் இடத்தில், அதாவது பின்பக்க வலதில். அதனால் நடுவே இருக்காது, ஒதுங்கித்தான் தொங்கும். பிறகு சூப்பர் ஹார்னெட் போர் விமானத்துக்கு வந்த ஷார்ப் என்ற கேமராப் பாட் ஒழுங்காக நடுவயிற்றில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஏனோ இந்த ஒதுங்கல்தான் பிடித்திருக்கிறது.

"இது என்ன குண்டு?" என்பது அடுத்த கேள்வி. வாலில் கறுப்புப் பின்னணியில் மண்டையோடும் எலும்பும், விஎஃப்-84 என்ற கடற்படை விமான அணியின் சின்னம். அதைப் பார்த்தால் குண்டு என்றுதான் தோன்றும். அந்த மண்டையோட்டு அணிதான் இந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தது என்று சொன்னால் குழந்தைகள் சிரிக்கும். எனக்கு இந்த மாடல் தரும் ஒரே கலப்படமில்லாத சந்தோஷம் அதுதான்.

கேமராதானே என்று விட்டுவிடவும் முடியாது. 1983 டிசம்பர் 3ஆம் தேதி லெபனான் மேல் படம் எடுக்கப் போன டாம்கேட்களைச் சிரியப் படைகள் கீழிருந்து சுட்டன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பதிலடி கொடுக்கப் போன விமானங்களில் இரண்டு திரும்பி வரவில்லை.

கிட்டுக்கு வருவோம். டார்ப்ஸ் பெட்டியின் ஜன்னல்களுக்கு அரை அரிசி அளவில் கண்ணாடித் துண்டுகள் கொடுத்திருக்கிறார்கள். அருமையான வார்ப்பு. சூப்பர் க்ளூ மட்டும் வேண்டாம், அதன் ஆவி பட்டால் கண்ணாடி பூத்துவிடும். என் மாடலில் முன் ஜன்னலுக்குக் கண்புரை வந்தது அப்படித்தான். ஃபெவிகாலை ஊசி முனையில் தொட்டு வையுங்கள், போதும்.

ஆனால் இவ்வளவு கனமான பெட்டியைத் தாங்க அவர்கள் கொடுத்திருப்பது இரண்டு பல். எள்ளளவுதான் இருக்கும். யோசித்துச் செய்தார்களா, மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் செய்தார்களா தெரியவில்லை. இந்த முறை பசையை நம்பவில்லை. பழைய தடத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, பெயின்ட்டும் பூசிவிட்டு, ஜெம் கிளிப் கம்பியை வெட்டி ஆணி மாதிரி செருகலாம் என்று கை டிரில்லை எடுத்தேன். விமானம் மல்லாந்து கிடக்கிறது, மூக்கு அந்தப் பக்கம். பின்பக்க வலது என்று முணுமுணுத்துக்கொண்டே துளை போட்டேன். போட்டு முடித்து நிமிர்த்திப் பார்த்தால், அது என் வலது. விமானத்துக்கு இடது.

ஆறு வருடமாக ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவன் நான்.

அந்தத் துளையைப் புட்டி வைத்து அடைத்துவிட்டேன், கிட்டப் பார்த்தால் தெரிகிறது. நண்பருக்கு என் பதில்: வார்ப்பு அருமை, விலைக்குத் தகும், டார்ப்ஸ் இவ்வளவு நன்றாக வேறு கிட்டில் நான் பார்த்ததில்லை. வாங்காதீர்கள். பத்துக்கு நாலு. அடுத்த வாரம் கேட்டால் எட்டு சொன்னாலும் சொல்வேன், அதற்காக இதைத் திருத்த மாட்டேன்.

இப்போது சரியான பக்கத்தில் கம்பி செருகி, மூன்று ரப்பர் பேண்ட் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை வரை யாரும் தொடக் கூடாது என்று சீட்டும் எழுதி வைத்தாயிற்று. மச்சான் ராத்திரி சாப்பிட வருகிறார்.