விவாதத்துக்குத் தயாராகிறவர்களுக்குக் கன்னிமாரா நூலகம்: ஒரு மதிப்பீடு

சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில், அரசு அருங்காட்சியகத்தை ஒட்டி அமைந்திருக்கும் கன்னிமாரா பொது நூலகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பழைய கட்டடத்தின் அழகையோ, போட்டித் தேர்வுக்குப் படிக்க அங்கே கூடும் இளைஞர்களையோ குறிப்பிடுகிறார்கள். நான் வேறொரு தேவையை முன்வைத்து அதை மதிப்பிட விரும்புகிறேன். பொது விவாதம் ஒன்றில் பொறுப்புடன் பேச நினைக்கும் ஒருவர், பள்ளியும் கல்லூரியும் தமக்குக் கற்றுத் தராததை இங்கே தாமாகவே படித்துத் தெரிந்துகொள்ள முடியுமா என்பதே என் கேள்வி.

சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரில் இந்த நூலகம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டிய நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. 1956இல் நாளிதழ்களும் பருவ இதழ்களும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. எல்லாப் பதிப்பாளர்களும் இந்தக் கடமையை ஒழுங்காக நிறைவேற்றுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. ஆயினும் விவாதத்துக்குத் தயாராகிறவருக்கு இந்த ஏற்பாட்டினால் கிடைக்கும் பயன் பெரிது. ஒரு பாடத்திட்டக் குழுவோ நூல் தேர்வுக் குழுவோ தகுதியானவை என்று எடுத்துவைத்த நூல்கள் மட்டும் இங்கே இருப்பதில்லை. ஒரு கட்சியின் வாதமும் அதற்கு மறுப்பாக எழுதப்பட்ட நூலும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்கின்றன.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்கிறேன். இட ஒதுக்கீடு பற்றிய எந்தத் தமிழ் மேடையிலும் செண்பகம் துரைராசன் வழக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தமும் பேசப்படாமல் இருப்பதில்லை. பாடநூல்வழி அறிந்தவர்களுக்குச் செய்தி சுருக்கமானது: கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் 1951இல் செல்லாது என்றது, அதன்பின் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. இது சரிதான், ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பின் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. தீர்ப்பை முழுமையாகப் படிப்பவருக்கு, ஒவ்வொரு 14 கல்லூரி இடங்களையும் அந்த அரசாணை எப்படிப் பிரித்தது என்பது தெரியும்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறித்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. வழக்குத் தொடுத்த செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பதும், சாதி, மத அடிப்படையில் கல்லூரி இடம் மறுக்கப்படக் கூடாது என்ற கூறு 29(2)இன் அடிப்படை உரிமையை, நலிந்த பிரிவினரின் கல்வியை அரசு வளர்க்க வேண்டும் என்ற கூறு 46இன் நெறிமுறைக் கோட்பாட்டால் மீற முடியாது என்பதே தீர்ப்பின் அச்சாணி என்பதும் தெரியும்.

அதற்கு அடுத்தபடியாக முதல் திருத்தத்தையே எடுத்துப் படித்தால் பார்வை இன்னும் விரிகிறது. பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடமளிக்கும் கூறு 15(4)ஐச் சேர்த்த அதே திருத்தம்தான் பேச்சுரிமைக்குப் புதிய கட்டுப்பாடுகளை 19(2)இல் புகுத்தியது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்ற வழக்குகளிலிருந்து காக்க 9ஆம் அட்டவணையை உருவாக்கியதும் அதுவே. பேச்சுரிமைப் பகுதிக்குப் பின்னணியாக நின்ற வழக்குகளில் ஒன்றும் சென்னை அரசு தொடர்பானதுதான்: 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குச் சென்னை அரசு விதித்த தடையை 1950இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1994இல் தமிழ்நாட்டின் 69 விழுக்காடு ஒதுக்கீட்டுச் சட்டம் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்ட இடமும் அந்த 9ஆம் அட்டவணைதான். ஆகவே, முதல் திருத்தத்தைச் சமூக நீதியின் வெற்றியென்று மட்டும் போற்றுகிறவரும், கருத்துரிமையின்மீது விழுந்த அடியென்று மட்டும் சாடுகிறவரும் ஒரே ஆவணத்தின் வெவ்வேறு பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். தீர்ப்பும் நாடாளுமன்ற விவாதமும் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அவற்றுக்குப் பின்வந்த எழுபது ஆண்டுகளில் ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட நூல்களை அடுத்தடுத்து எடுத்துப் புரட்டுவதற்கு இப்படிப்பட்ட நூலகம் தேவைப்படுகிறது.

இவ்வளவும் தானே கற்பதன் வலிமை. அதன் பலவீனத்தையும் இதே எடுத்துக்காட்டில் காணலாம். ஒரு தீர்ப்பில் எது கட்டுப்படுத்தும் முடிவு, எது நீதிபதி போகிறபோக்கில் சொன்ன கருத்து என்று பிரித்தறியும் பயிற்சியைச் சட்டக் கல்லூரி தொடக்கத்திலேயே தருகிறது. தனியாகப் படிக்கிறவர், தமக்குப் பிடித்த ஒரு வாக்கியத்தைத் தீர்ப்பின் முடிவாகவே எடுத்துக்கொண்டு மேடையேறிவிட வாய்ப்புண்டு. 9ஆம் அட்டவணையில் வைத்துவிட்டால் எந்த நீதிமன்றமும் தொட முடியாது என்று இன்றும் அடித்துப் பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். 1973 ஏப்ரல் 24க்குப் பின் அதில் சேர்க்கப்பட்ட சட்டங்கள் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை என்று 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அவர்கள் வந்தடையவே இல்லை. எந்த இடத்தில் படிப்பை நிறுத்தக் கூடாது என்பதை ஓர் ஆசிரியர் சொல்வார். புத்தக அடுக்கு சொல்லாது. முறையான கல்வியை இகழ்ந்து பேசும் தன்கற்றலாளர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம்.

அதே சமயம், மூன்றாம் வகுப்போடு பள்ளியைவிட்டு அச்சுக் கோக்கும் தொழிலாளியாக இருந்த ம.பொ.சிவஞானம், சிலப்பதிகாரத்தைப் பற்றிப் புலவர்கள் நிறைந்த அவைகளில் பேசியவர். 1966இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றவர். அவரைத் தன்கற்றலின் சான்றாகக் காட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மறுத்துப் பேசும் அறிஞர்களும் அரசியல் எதிரிகளும் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தார்கள். பட்டம் இல்லாத குறையை அவர் அந்த மறுப்புகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஈடுசெய்தார் என்று நான் கருதுகிறேன்.

கன்னிமாராவால் தர முடியாதது அத்தகைய எதிர்வாதம்தான். வாசிப்பறையில் அமைதி காக்க வேண்டும், அது நியாயமும்கூட. எனவே படித்ததைச் சோதித்துப் பார்க்கும் இடத்தை வாசகர் வெளியே தேடிக்கொள்ள வேண்டும். உடன்படாத நண்பர் ஒருவரையும் அழைத்துச் சென்று, ஒரே நூலை இருவரும் படித்துவிட்டு, வெளியே வந்து பேசிப் பார்ப்பது நல்ல வழி. இன்னொன்று: தலைப்பை மட்டும் மனத்தில் கொண்டு போனால் நூற்குவியலில் நேரம் வீணாகும். 'இட ஒதுக்கீடு' என்று தேடுவதைவிட, 'முதல் திருத்தத்தை எதிர்த்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்' என்ற கேள்வியுடன் போகிறவருக்கு நூற்பட்டியலும் பயன்படும், நூலகரும் உதவ முடியும்.

பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு ஐந்து நிமிட உரை தயாரிக்கும் மாணவருக்கு இவ்வளவு தொலைவு வர வேண்டிய தேவையில்லை. அவருடைய ஊர்க் கிளை நூலகமே போதும். சட்டமோ வரலாறோ கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள், பாடத்திட்டம் விட்டுவிட்ட எதிர்த்தரப்பைத் தேடி இங்கே வர வேண்டும். கல்லூரிப் பக்கமே போகாதவர்கள் தயங்காமல் வரலாம். ஆனால் முதலில் அந்தத் துறையின் அடிப்படைப் பாடநூல் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை படித்துவிட்டு, அதன் பிறகு விருப்பமான நூல்களைத் தொடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.