அமோல் பாலேகரின் பேருந்து நிறுத்தமும் எனக்குத் தீராத ஒரு மனக்குறையும்

நான் சொல்லிச் சொல்லி ஒருவழியாக ‘ரஜனிகந்தா’ என்ற பழைய இந்திப் படத்தைப் பார்த்து முடித்த என் சித்தி மகள், “அண்ணா, படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல ஒண்ணுமே நடக்கலையே, இதையே எப்படித் திரும்பத் திரும்பப் பார்க்கிறீங்க?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆரவாரமில்லாத, சாதாரண மனிதர்களின் காதலைச் சொல்லும் படங்களைப் பல வருடங்களாக விடாமல் பார்த்து வருகிறவன் என்ற முறையில், அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலோடு, இந்தப் படங்கள்மேல் எனக்குள்ள ஒரே ஒரு கோபத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த வகையின் அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடிதடி கிடையாது, வெளிநாட்டில் எடுத்த பாட்டு கிடையாது, அநேகமாக வில்லனும் கிடையாது. அலுவலகம் போய் வருகிற ஒருவனும் ஒருத்தியும் இருக்கிறார்கள், அவர்களுக்குள் பிரியம் வளர்கிறது அல்லது வளராமல் போகிறது. என்னை இவற்றில் பிடித்து வைத்திருப்பது அந்தப் பிரியத்தைவிட அதைச் சுற்றியிருக்கும் வேலைதான். ஒருவனுக்கு எத்தனை மணிக்கு வேலை முடிகிறது, எதில் ஏறி வீடு திரும்புகிறான், மாதக் கடைசியில் கையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பவையெல்லாம் அவனுடைய காதலுக்குள் எப்படிப் புகுந்துகொள்கின்றன என்று பொறுமையாகக் காட்டுவது இந்தப் படங்கள்தான். பெரிய படங்களில் காதலிப்பவர்களுக்கு நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. நான் அறிந்த குடும்பங்களில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட யாருக்கும் அப்படி நேரம் கிடைத்ததில்லை.

பாசு சாட்டர்ஜி 1974இல் எடுத்த ‘ரஜனிகந்தா’வில் சஞ்சய் (அமோல் பாலேகர்) எப்போதும் தாமதமாகத்தான் வருவான். வந்ததும் மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே அலுவலகக் கதையைத் தொடங்கிவிடுவான். பதவி உயர்வு யாருக்குக் கிடைக்கும், யார் யாருக்குக் குழி பறிக்கிறார்கள் என்று அவன் பேசிக்கொண்டே போக, காத்திருந்து களைத்த காதலி தீபா (வித்யா சின்ஹா) கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் கையில் மட்டும் சம்பங்கிக் கொத்து இருக்கும். நேர்முகத் தேர்வுக்காக அவள் பம்பாய் போகும்போது பழைய காதலன் நவீன் வருகிறான். சொன்ன நேரத்துக்கு வருகிறான், ஊரைச் சுற்றிக் காட்டுகிறான், அவளுடைய வேலைக்காக அலைகிறான். டாக்ஸியில் இருவரும் போகும் அந்தப் பாட்டில் எதுவுமே நடப்பதில்லை என்பது உண்மைதான். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான், அவளும் உட்கார்ந்திருக்கிறாள், இருவருக்கும் நடுவில் இருக்கை காலியாக இருக்கிறது, தீபாவின் கண் அந்தக் காலி இடத்துக்குப் போய்ப் போய் வருகிறது. யோகேஷ் எழுதி, சலில் சௌத்ரி இசையமைத்து, முகேஷ் பாடியது. அதற்காக முகேஷுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ‘அழியாத கோலங்கள்’ வழியாகச் சலில் சௌத்ரியை அறிந்த தமிழ் ரசிகர்களுக்கு, ஒரு மெட்டு எவ்வளவு தாழ்ந்த குரலில் பேச முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மன்னு பண்டாரியின் சிறுகதையிலிருந்து வந்த படம் இது. கதையில் கான்பூரும் கல்கத்தாவுமாக இருந்த ஊர்கள் படத்தில் டெல்லியும் பம்பாயுமாக மாறின. ஒரு பெண்ணின் மனம் ஒரே சமயத்தில் இருவர் பக்கமும் உண்மையாகவே சாய முடியும் என்பதை, அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அந்தக் காலத்திலேயே இப்படிச் சொன்ன துணிவை நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். கிடைத்த பம்பாய் வேலையை அவள் வேண்டாமென்று விடுவது இன்று உறுத்துகிறது; உறுத்தத்தான் வேண்டும். ஆனாலும் கடைசியில் பூவோடு வாசலில் வந்து நிற்பவன் அதே பழைய சஞ்சய்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் நேரம் தவறாதவனாக மாறிவிடவில்லை, அழகாகப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை, அவளுக்காக எந்தச் சாகசமும் செய்யவில்லை. இருந்தபடியே இருந்து, அவள் மனத்தில் இடம் பெறுகிறான். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வகையில் மிகச் சிறந்த படம் இதுதான் என்பேன்.

ரிதேஷ் பத்ராவின் ‘தி லஞ்ச்பாக்ஸ்’ 2013இல் வந்தது. வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் மும்பை டப்பாவாலாக்களின் கையில் ஒரு சாப்பாட்டு டப்பா தடம் மாறி, இலா தன் கணவனுக்காகச் சமைத்தது சாஜன் பெர்னாண்டஸ் என்ற அரசு அலுவலகக் கணக்கரிடம் போய்ச் சேர்கிறது. அந்த டப்பாவுக்குள் வைத்து இருவரும் எழுதிக்கொள்ளும் சீட்டுகள்தான் படம். ஊர் முழுக்கப் பெயர்பெற்ற அந்த விநியோகத்தில் அப்படி ஒரு தவறு தினந்தோறும் தொடருமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். கதைக்குத் தேவையான ஒரே அபூர்வத்தை இயக்குநர் முதலிலேயே செலவழித்துவிட்டு, அதற்குப் பிறகு நம்மிடம் எந்தச் சலுகையும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். மிச்சமெல்லாம் அன்றாடம்: மாடி வீட்டிலிருந்து குரலாக மட்டுமே வரும் தேஷ்பாண்டே மாமி, அலுவலகக் கோப்புகளை மடியில் வைத்து, ஓடும் ரயிலில் அவற்றின்மேல் காய்கறி நறுக்கும் சக ஊழியர் ஷேக், ரயிலில் ஓர் இளைஞன் எழுந்து இடம் கொடுக்கும்போது தனக்கு வயதாகிவிட்டது என்று சாஜனுக்கு உறைப்பது.

சாஜன் எழுதும் ஒரு கடிதத்தில் கல்லறை நிலம் வாங்கப் போன செய்தி வரும். மனைவி இறந்தபோது அவளைப் படுக்க வைக்க இடம் கிடைத்திருந்தது. இப்போது அவருக்குக் கிடைப்பதோ நின்ற வாக்கில் புதைக்கும் இடம். காலமெல்லாம் ரயிலிலும் பேருந்திலும் நின்றுகொண்டே போய் வந்தவர், செத்த பிறகும் நிற்க வேண்டியிருக்கிறதே என்பதை, சாஜனாக நடித்த இர்பான் கான் அழுத்தமே கொடுக்காமல், சம்பளப் பட்டியலில் ஒரு வரியை வாசிப்பவரைப் போலச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஊரின் இட நெருக்கடி, அந்த மனிதரின் வயது, தனிமை, எதிரே கடிதம் படிக்கும் பெண்ணின்மேல் அவருக்கு வந்துவிட்ட நம்பிக்கை எல்லாம் அந்த ஒரு செய்தியில் அடங்கிவிடுகின்றன. இப்படிப்பட்ட ஓர் இடத்துக்காக நான் ஒரு படத்தை எத்தனை முறையும் பார்ப்பேன்.

இனி என் கோபம். சாதாரண மனிதர்களைப் பற்றிப் படம் எடுக்கிறவர்களே பாதி வழியில் அந்தச் சாதாரணத்தின்மேல் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் வரை குமாஸ்தாவைக் குமாஸ்தாவாகவே காட்டிவிட்டு, அவனுக்குக் காதல் கைகூட வேண்டிய கட்டம் வந்ததும் ஒன்று அவனை வீரனாக்குகிறார்கள், இல்லையென்றால் துறவியாக்குகிறார்கள், அதுவும் இல்லையென்றால் நோயாளியாக்குகிறார்கள். சாதாரணமாக இருக்கிறவன் சாதாரணமாகவே காதலிக்கப்படலாம் என்று சொல்ல வந்த படம், அப்படி ஆகாது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்வதைப் போல இது எனக்குப் படுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் இந்த எரிச்சல் ஆறுவதில்லை.

இதற்கு முதல் சாட்சி, எனக்கு மிகப் பிரியமான ‘சோட்டி சி பாத்’. அதே பாசு சாட்டர்ஜி, அதே அமோல் பாலேகர், அதே வித்யா சின்ஹா. முற்பாதிக்கு ஈடு சொல்ல எனக்கு வேறு படம் கிடையாது. தினமும் பேருந்து நிறுத்தத்தில் வரிசையில் நின்று, பிரபாவைப் பார்த்துப் பேச வந்து பேசாமலே, அவள் அலுவலக வாசல் வரை பின்னால் போய்த் திரும்புகிற அருண். ஸ்கூட்டர் வைத்திருக்கிறான் என்ற ஒரே தகுதியில் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும் நாகேஷ் என்ற போட்டியாளன். அதற்குப் போட்டியாக அருண் ஏமாந்து வாங்கும், ஓடவே மறுக்கும் பழைய மோட்டார் சைக்கிள். பேருந்துக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் உள்ள தூரம் ஒரு நடுத்தர வர்க்க இளைஞனுக்கு எவ்வளவு பெரிய தூரம் என்பதை இதைவிடத் துல்லியமாக எவரும் படமாக்கியதாக எனக்குத் தெரியவில்லை. உண்மையான தெருக்களில், உண்மையான கூட்டத்தின் நடுவில் எடுத்ததால் அந்தக் காலத்துப் பம்பாயே அதில் பத்திரமாக இருக்கிறது. ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் இருந்த சமோவார் உணவகம் 2015இல் மூடப்பட்டுவிட்டது. இந்தப் படத்தில் அது இன்னும் திறந்திருக்கிறது.

பிற்பாதியில் அருண் கண்டாலா என்ற மலை ஊருக்குப் போகிறான். அங்கே அசோக் குமார் நடித்த கர்னல் அவனுக்கு நடக்க, பேச, மற்றவர்களை மடக்கப் பயிற்சி தருகிறார். திரும்பி வந்த அருண் மேஜைப் பந்தாட்டத்தில் நாகேஷைத் தோற்கடிக்கிறான், சதுரங்கத்தில் தோற்கடிக்கிறான், எல்லா இடத்திலும் முந்துகிறான். 1960இல் வந்த ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தின் கதையைத் தழுவியதால் இப்படி ஆனது என்பது தெரியும். அரங்கில் சிரிப்பு வந்திருக்கும் என்பதும் தெரியும். அமிதாப் பச்சன் அமிதாப் பச்சனாகவே வந்து கர்னலிடம் யோசனை கேட்டுப் போகிற இடத்தில் நானும் சிரிக்கிறேன். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் வாயடைத்து நின்ற அந்தப் பையனை எனக்குத் தெரியும். கண்டாலாவிலிருந்து வந்தவனை எனக்குத் தெரியாது. முற்பாதியில் நாகேஷிடம் எதை வெறுக்கும்படி படம் நமக்குச் சொல்லிக் கொடுத்ததோ, அதே சாமர்த்தியத்தைப் பிற்பாதியில் அருணிடம் ரசிக்கச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

2018இல் பிரேம்குமார் இயக்கிய ‘96’இல் இதன் மறுபக்கம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பள்ளியில் பிரிந்த ராமும் ஜானுவும் 22 ஆண்டுகள் கழித்து ஓர் இரவு சந்திக்கிறார்கள். ராமின் மாணவிகளிடம் ஜானு, நடக்காத கதை ஒன்றை நடந்ததாகச் சொல்கிறாளே, அந்த உணவகக் காட்சி எந்த மொழியில் வந்திருந்தாலும் கொண்டாடப்பட வேண்டியது. த்ரிஷாவின் குரல் எங்கே பொய்யிலிருந்து ஆசைக்கு மாறுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் ராமுக்கு இந்த 22 ஆண்டுகளில் வேறொரு பெண்ணைப் பிடித்ததே இல்லை. அவன் எவரையும் தொட்டதில்லை, ஆசைப்பட்டதில்லை, சலித்ததும் இல்லை. காதலித்தவளை இழந்து, பிறகு வேறொருத்தியை மணந்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஓடிக்கொண்டே, பழையவளையும் மறக்காமல் வாழ்கிற கோடிப் பேரின் கதை இன்னும் கடினமானது, இன்னும் மரியாதைக்குரியது. ராமைத் துறவியாக்கியதும் அந்தக் கோடிப் பேரின் காதல் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. இதைச் சொன்னால் என் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும், நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

நோயைக் கொண்டு வருகிற படங்களில் ஹலிதா ஷமீமின் ‘சில்லுக்கருப்பட்டி’யை மட்டும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விலக்கி வைக்கிறேன். பகிர்ந்து ஏறும் வாடகைக் காரில் பழகும் இருவரின் கதையில் புற்றுநோய் வருகிறது, ஆனால் அது அந்த இளைஞனைத் தியாகியாக்க வரவில்லை. மருத்துவமனைக்குப் போவதும் அவனுடைய வாராந்திரப் பயணங்களில் ஒன்றாகவே இருக்கிறது. அமெரிக்காவின் ‘மார்ட்டி’யும் அப்படித்தான். பிராங்க்ஸில் இறைச்சிக் கடையில் வேலை செய்யும் ஒருவன், தன்னைப் போலவே எல்லோராலும் ஒதுக்கப்பட்ட ஓர் ஆசிரியையைச் சந்திக்கிறான்; அம்மாவும் நண்பர்களும் அவளைக் குறை சொல்கிறார்கள்; அவன் தொலைபேசியை எடுக்கிறான். அந்தக் கடையை வாங்கலாமா என்ற கவலை அவனுடைய காதலுக்குப் பக்கத்திலேயே கடைசிவரை உட்கார்ந்திருக்கிறது. எவரும் அவனுக்குப் பயிற்சி தரவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற அந்தப் படத்துக்கு 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரும், அதே ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதும் கிடைத்தன என்றால், சாதாரணத்தை நம்பினால் கூட்டம் வராது என்ற சாக்கு செல்லாது.

பழைய இந்திப் படங்களை இன்று பார்ப்பதில் உள்ள தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். கிடைக்கிற பிரதிகள் பல நிறம் வெளுத்திருக்கின்றன, துணைத்தலைப்புகள் அவசரத்தில் எழுதியவை, பாட்டுக்கு அநேகமாகத் துணைத்தலைப்பே இருப்பதில்லை. யோகேஷின் வரிகள் புரியாமல் ‘ரஜனிகந்தா’வைப் பார்ப்பவருக்கு அந்த டாக்ஸி வெறும் டாக்ஸிதான். என் தங்கைக்கு ஒன்றும் நடக்காதது போலத் தோன்றியதில் இதற்கும் பங்கு உண்டு.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், இவ்வளவு திட்டிய பிறகும், ‘சோட்டி சி பாத்’திலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். சிறந்த படம் ‘ரஜனிகந்தா’. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேலை முடிந்து அலுத்து வந்த இரவில் என் கை போவது ‘சோட்டி சி பாத்’துக்குத்தான். கண்டாலாப் பகுதி ஓடும்போது கோபத்தோடு பொறுத்திருக்கிறேன், ஏனென்றால் அதைத் தாண்டினால் பிரபா இருக்கிறாள். அருண் பின்னால் வருகிறானா என்று ஆரம்பத்திலேயே கவனித்து, தோழியிடம் சொல்லி, அவன் பேசக் காத்திருந்தவள் அவள். கர்னல் சொல்லிக் கொடுத்த எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை; பேருந்து நிறுத்தத்தில் நின்றவனையே அவளுக்குப் பிடித்திருந்தது. வித்யா சின்ஹாவின் முகத்தில் அது முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. எடுத்தவர் பார்க்கத் தவறினாலும், பார்க்கிறவர்கள் தவறவிட வேண்டாம்.